மாலை ஆறு மணிக்கு மேல்: டிமென்ஷியா பராமரிப்பு இல்லங்களின் நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

மறதிநோய் (டிமென்ஷியா) உள்ள முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்களின் நிர்வாகிகளுக்கு,

சேர்க்கை நாளன்று குடும்பத்தாரிடம் நீட்டும் படிவங்களில் இப்போது ஒரு புதிய பத்தி வந்திருக்கிறது. மாலையிலும் இரவிலும் முதியவர் தொந்தரவு செய்தால் அமைதிப்படுத்தும் மருந்து கொடுக்கவும், பாதுகாப்பு கருதிக் கைகால்களைக் கட்டவும் சம்மதம் என்பது அதன் சாரம். கூடவே ஒரு நேர அட்டவணை: 5.30க்கு இரவு உணவு, 6 மணிக்கு மேல் உறவினர் வரக்கூடாது, 7 மணிக்கு விளக்கணைப்பு. இதை எங்களால் ஏற்க முடியாது. எந்த மருந்து, எவ்வளவு, எதற்காக, எத்தனை நாள் என்று எதுவுமே சொல்லாமல் முன்கூட்டியே வாங்கிவைக்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த நோயோடு வாழ்பவர்களை வீடுகளிலும் இல்லங்களிலும் பார்த்துக்கொள்ளும் செவிலியர்களும் உதவியாளர்களும் பிள்ளைகளும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். தொந்தரவு என்று நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதியை உண்டாக்குவது உங்கள் நேர அட்டவணைதான். அதைச் சரிசெய்யாமல் மாத்திரையையும் துணிக்கட்டையும் கையில் எடுப்பது வைத்தியம் ஆகாது.

டிமென்ஷியா உள்ள பலருக்குப் பிற்பகல் நான்கு, ஐந்து மணிக்கு மேல் ஒரு மாற்றம் தெரியும். காலையில் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டு இருந்தவர் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடப்பார். பூட்டை இழுத்துப் பார்ப்பார், துணிகளை மூட்டை கட்டுவார், பணத்தைக் காணோம் என்பார், கிட்டே வருபவரின் கையைத் தட்டிவிடுவார். இதில் பிடிவாதமோ குணக்கேடோ இல்லை. மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, உடலுக்குப் பகலையும் இரவையும் கடிகாரம்போலப் பிரித்துக்காட்டும் சிறிய நரம்புக் கொத்து இருக்கிறது. டிமென்ஷியாவில் பரவலான வகையான அல்சைமர் நோய் அதையும் சிதைக்கிறது. இரவில் சுரக்க வேண்டிய மெலடோனின் குறைகிறது. வயதான கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிவிடுவதால் உள்ளே போகும் வெளிச்சமும் குறைவு. நாள் முழுக்க ஜன்னல் மூடிய அறையில் இருப்பவருக்கு அந்தக் கடிகாரம் எதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்? பொழுது சாயும்போது உடல் களைத்திருக்கும், பார்வை மங்கும், நிழல்கள் நீளும். எதிரே இருப்பது நாற்காலியா ஆளா என்று பிரித்தறிய முடியாத மூளை பயப்படத்தான் செய்யும்.

நம் ஊர் வாழ்க்கைக்கே உரிய ஒன்றும் இதோடு சேர்கிறது. எழுபது, எண்பது வயதுப் பெண்மணிக்கு அந்தி என்பது வேலை நேரம். வாசல் தெளித்து, விளக்கேற்றி, உலை வைத்து, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்குத் தின்ன எதையாவது கொடுத்து, ஐம்பது வருடம் அந்த நேரத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் படுக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர், அதையே தன் பிள்ளைகளுக்கும் சொன்னவர். அவரைத்தான் அதே நேரத்தில் டயப்பர் மாற்றிப் படுக்கவைத்துக் கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்துகிறீர்கள். “புள்ளைங்க வந்திருக்கும், நான் போகணும்” என்று அவர் எழுந்தால் குறிப்பேட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுகிறீர்கள். கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய ஆணுக்கும் இதே கதைதான். நேற்று நடந்தது முதலில் அழியும். இளமையில் ஊறிய பழக்கம் கடைசிவரை தங்கும். இதுதான் இந்த நோய் போகும் வழி. அந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்டாமல் அதற்கு ஒரு வேலை கொடுங்கள் என்கிறோம். மாலை ஆறு மணிக்குக் கூடத்தில் எல்லா விளக்கையும் போட்டு, விளக்கேற்றுவதோ மக்ரிப் தொழுகையோ ஜெபமோ அவரவர் வழக்கப்படி நடக்கட்டும். எண்ணெய் விளக்கு என்றால் உதவியாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். சேலைத் தலைப்பில் தீப்பிடிக்கும். பேட்டரி விளக்கும் போதும்.

உங்கள் அட்டவணைக்கு வருகிறோம். இரவு உணவு 5.30க்கு, மறுநாள் காலை உணவு 8 மணிக்கு என்றால் இடையில் பதினான்கரை மணி நேரம். பசிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் அதைக் கத்தியோ, எழுந்து நடந்தோ, பக்கத்துக் கட்டிலின் தட்டை எடுத்தோதான் காட்டுவார். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் 5.30க்குப் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டார் என்றால், ஒன்பது பத்து மணிக்குச் சர்க்கரை இறங்கும். வியர்த்து, பதறி, உளறுவார். அந்த நேரத்தில் தூக்க மாத்திரை கொடுப்பது உயிரோடு விளையாடுவது. பதறும் ஒருவருக்கு முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். 70க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

நாலு மணிக்கு வயிற்றுக்கு ஏதாவது போகட்டும்: குழைய வேகவைத்து மசித்த சுண்டல், ஒரு இட்லி, வாழைப்பழம், சர்க்கரை நோய்க்காரருக்கு அவருக்கேற்றது. இரவு உணவு 7 மணிக்கு இருக்கட்டும். டீயும் காபியும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். நாலு மணிக்குச் சூடாக ஏதாவது கேட்பவருக்குச் சுக்குமல்லி கொடுக்கலாம், டபராவில் ஆற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது, அந்தக் கைப்பழக்கமே சிலரை உட்காரவைக்கும். இரவில் எழுந்திருப்பார்கள் என்று பயந்து பகல் முழுக்கத் தண்ணீரைக் குறைப்பது பல இடங்களில் நாங்கள் பார்க்கும் தவறு. நீர் வற்றினால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரும், இரண்டுமே மாலைப் பதற்றத்தைக் கூட்டும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் அளவு குறித்திருந்தால் தவிர, காலை எழுந்ததிலிருந்து மாலை 5 மணிக்குள் 150 மில்லி டம்ளரில் ஏழெட்டு முறை கொடுங்கள். கேட்டால் கொடுப்போம் என்று இருக்காதீர்கள், அவர்கள் கேட்க மாட்டார்கள். நீர் பிரியச் செய்யும் ஃப்ரூஸமைடு மாத்திரையைக் காலையிலேயே முடித்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கழிவறைக்கு 4.30க்கும், 6.30க்கும், படுக்கும் முன்பும் கூட்டிப் போங்கள். எழுந்து நடக்கிறவரில் எத்தனையோ பேர் கழிவறையைத்தான் தேடுகிறார்கள்.

வெளிச்சம் பற்றி. சென்னையில் நவம்பர் கடைசியில் 5.40 வாக்கில் சூரியன் மறைகிறது, ஜூலையில் 6.40 வாக்கில். ஆண்டு முழுக்க ஆறரைக்கு விளக்குப் போடும் இல்லத்தில் கார்த்திகை மாதம் முக்கால் மணி நேரம் இருட்டு. மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். மூலைகள் இருண்டிருக்கக் கூடாது, கண் கூசும் ஒற்றை டியூப்லைட்டைவிட நாலு பக்கமும் பரவும் வெளிச்சம் நல்லது. இருட்டியபின் ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை வெளியாள் என்று நினைத்துப் பயப்படுவார்கள். திரையை அதற்கு முன்பே இழுத்துவிட வேண்டும், சுவர்க் கண்ணாடியையும் துணியால் மூடலாம். கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், பளபளக்கும் டைல்ஸ் தண்ணீராகத் தெரியும். மின்வெட்டில் அரை நிமிட இருட்டுகூட வார்டையே கலைத்துவிடும், இன்வெர்ட்டரைக் கூடத்து விளக்குகளோடு முதலில் இணையுங்கள். இரவு விளக்கணைப்பை 9 மணிக்குத் தள்ளுங்கள். 7 மணிக்குப் படுக்கப்போனவர் நடுநிசி ஒரு மணிக்கே தூக்கம் முடிந்து எழுவார், அதையும் நோயின் கணக்கில் எழுதுவீர்கள். காலை 7லிருந்து 8 மணிக்குள் அரை மணி நேரம் வெளிமுற்றத்தில் வெயில் பட உட்காரட்டும். மதியத் தூக்கம் இரண்டரை மணிக்குள், அரை மணி நேரத்துக்கு மேல் போகாமல், சாய்வு நாற்காலியில் இருக்கட்டும்.

இன்னொரு பெரிய காரணம் டியூட்டி மாறும் நேரம். உங்களில் பலர் மாலை 6 மணிக்கு மாற்றுகிறீர்கள். பகல் முழுக்கப் பழகிய முகம் கைப்பையை மாட்டிக்கொண்டு, “போயிட்டு வரேன் பாட்டி” என்று வார்டின் நடுவே கும்பிட்டுவிட்டுக் கிளம்பும். பார்க்கிறவர் எழுந்து பின்னாலேயே போவார்; எல்லாரும் வீட்டுக்குப் போகும்போது தான் மட்டும் ஏன் இருக்க வேண்டும் என்பது நியாயமான கேள்விதானே. மாற்றத்தைப் பிற்பகல் 3 மணிக்கோ இரவு 8.30க்கோ கொண்டுபோங்கள். பழையவரும் புதியவரும் அரை மணி நேரம் சேர்ந்து இருக்கட்டும். பைகளும் செருப்பும் வார்டு வழியாகப் போக வேண்டாம். தொலைக்காட்சியை 4.30க்கு நிறுத்திவிடுங்கள். தொடர்களின் அழுகையும் விவாதங்களின் கூச்சலும் அவர்களுக்குத் தன் அறைக்குள்ளேயே நடக்கும் சண்டை. காதுக் கருவியின் பேட்டரியையும் மூக்குக் கண்ணாடியின் அழுக்கையும் பிற்பகலில் ஒருமுறை பாருங்கள். பெட்டிக்குள் கிடக்கும் காதுக் கருவியால் யாருக்கும் பயனில்லை.

வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். மூட்டு வலியும் பல்வலியும் படுக்கைப்புண்ணும் மாலையில் கூடும். சொல்லத்தான் வார்த்தை இருக்காது. மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடல் இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் பெய்னாட் அட்டவணை இருக்கிறது. செவிலியருக்கு ஐந்து நிமிட வேலை. 2011இல் வெளிவந்த நார்வே ஆய்வில் 18 இல்லங்களைச் சேர்ந்த, டிமென்ஷியாவும் பதற்றமும் உள்ள 352 பேர் பங்கேற்றார்கள். ஒரு பாதிக்கு வலிக்கான மருந்தைப் படிப்படியாகக் கொடுத்தார்கள், முதல் படி பாராசிட்டமால். எட்டு வாரத்தில் அவர்களின் பதற்ற அளவு மற்றவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. தூக்க மருந்துக்கு முன்னால் வலியைத் தேடுங்கள் என்று நாங்கள் மன்றாடுவது இதனால்தான்.

வழக்கமான மாலைப் பதற்றம் வேறு, திடீரென்று ஓரிரு நாளில் தலைகீழாக மாறுவது வேறு. நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவர் இன்று கவனம் நிற்காமல் உளறினால், மயக்கமும் விழிப்புமாக மாறி மாறி இருந்தால், இல்லாத பூச்சியைக் கையால் துரத்தினால், அது டெலிரியம் என்னும் திடீர்க் குழப்பநிலை, மருத்துவ அவசரம். வயதானவருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் இருக்கலாம். வெப்பநிலை, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், சர்க்கரை பாருங்கள். அடிவயிற்றில் சிறுநீர் தேங்கி வீங்கியிருக்கிறதா, மலம் போய் மூன்று நாள் ஆயிற்றா, கடந்த வாரம் புதிய மருந்து ஏதாவது சேர்ந்ததா என்று பாருங்கள். சளிக்குக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின், நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் போன்றவை குழப்பத்தைக் கூட்டும். மறதிநோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் இரவில் கெட்ட கனவுகளைத் தரலாம், காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்க அன்றிரவே மருத்துவர் பார்க்க வேண்டும்.

இனி, பதற்றம் வந்துவிட்ட அந்த நேரம். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். முன்னால் வந்து, கண் மட்டத்துக்குக் குனிந்து, அவருக்குப் பழகிய அழைப்பில் கூப்பிடுங்கள். ஆசிரியராக இருந்தவரை ‘சார்’ என்று அழைத்தால் நிமிர்ந்து உட்காருவார், ‘தாத்தா’ என்றால் திரும்பமாட்டார். ஒரு நேரத்தில் ஒரே வாக்கியம். பிறகு பத்துப் பதினைந்து நொடி காத்திருங்கள். பதில் வரவில்லை என்று அதையே உரக்கச் சொல்வதுதான் பெரும்பாலான சண்டைகளின் தொடக்கம். “நான் யாரு சொல்லுங்க பார்ப்போம்” என்று தேர்வு வைக்காதீர்கள். அம்மாவைத் தேடுபவரிடம் அம்மா இறந்து நாற்பது வருடமாயிற்று என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுச் சாவு. “அம்மா ஞாபகம் வந்துடுச்சா, அம்மா என்ன சமைப்பாங்க?” என்று கேளுங்கள். வீட்டுக்குப் போகணும் என்பவரை மறிக்காமல் கூடவே நடங்கள், முற்றத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடி கூடத்துக்கு வந்துவிடலாம். “கார் வந்துட்டே இருக்கு” என்று பொய் சொல்லிக் கேட்டருகே உட்கார வைக்காதீர்கள். காத்திருக்கக் காத்திருக்கக் கோபம்தான் ஏறும். கைக்கு வேலை கொடுங்கள்: துவைத்த துண்டுகளை மடிப்பது, முருங்கைக்கீரை ஆய்வது, பூக் கட்டுவது. பச்சைப் பட்டாணி உரிப்பதைக் கண்ணில் பட்டதை எல்லாம் வாயில் போடுபவருக்குக் கொடுக்க வேண்டாம். அவர் இருபது வயதில் கேட்ட பாட்டைத் தாழ்ந்த ஒலியில் வையுங்கள்.

உங்கள் குறிப்பேட்டில் ‘இரவு 7, சத்தம் போட்டார், ஊசி போடப்பட்டது’ என்று ஒரு வரிதான் இருக்கிறது. சத்தத்துக்கு முந்திய அரை மணி நேரம் என்ன நடந்தது, அவர் செய்தது என்ன, எது அடக்கியது என்ற மூன்றையும் நேரத்தோடு 14 நாள் எழுதிப் பாருங்கள். ஒருவருக்கு அது ஒவ்வொரு முறையும் குளிக்கக் கூப்பிட்ட பிறகு வருகிறது என்றால், மருந்தை மாற்றாமல் குளியலைக் காலைக்கு மாற்றினால் போதும்.

மருந்தே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பிறருக்கோ தனக்கோ காயம் விளையும் நிலை, அச்சுறுத்தும் மாயத்தோற்றங்கள், மேலே சொன்ன எதற்கும் அடங்காத துயரம் என்றால் மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கலாம். அது என்ன மருந்து என்று தெரிந்தே தொடங்க வேண்டும். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குப் புதிய வகை மனநோய் எதிர்ப்பு மருந்துகள் சாவைக் கூட்டுகின்றன என்று 2005இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருந்துத் தாளில் கட்டமிட்டு அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இறப்பு அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு, சுமார் பத்து வார ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய 4.5 சதவீதமும், எடுக்காதவர்களில் 2.6 சதவீதமும் இறந்தார்கள். 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் எச்சரிக்கை நீண்டது. லூயி பாடி டிமென்ஷியா என்ற வகை மறதிநோய் உள்ளவருக்கு ஒரு ஹாலோபெரிடால் ஊசியே உடலை இறுக்கி, நினைவிழக்கச் செய்து, உயிரையும் எடுக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டல், தக்க அளவில் நான்கு வாரம் கொடுத்தும் பயனில்லை என்றால் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவும், பயன் இருந்தாலும் தொடங்கிய நான்கு மாதத்துக்குள் குறைத்துப் பார்க்கவும் சொல்கிறது. உங்கள் மருந்துத் தாள்களில் ஒருமுறை எழுதிய மாத்திரை வருடக்கணக்கில் ஓடுகிறது. அல்பிரசோலம், லோரசிபம் போன்ற தூக்க மருந்துகளோ சிலரை அடக்குவதற்குப் பதில் கிளப்பிவிடுகின்றன, இரவில் விழச் செய்கின்றன.

கட்டுவது பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிலோடு கட்டினால் விழமாட்டார் என்பது நம்பிக்கை மட்டுமே. திமிறுவதில் மணிக்கட்டு தோல் உரியும், படுக்கைப்புண் வரும், நாலைந்து நாளில் கால் வலு போகும், சளி தேங்கி நிமோனியா பிடிக்கும். பக்கக் கம்பியை ஏறித் தாண்டுபவர் அதிக உயரத்திலிருந்து விழுவார், கம்பிக்கிடையில் கழுத்து சிக்கிய சாவுகளும் உண்டு. விழுவார் என்ற பயம் இருந்தால் ஓர் அடி உயரக் கட்டில், அருகே தரையில் ஒரு மெத்தை, கழிவறை வரை மங்கலான விளக்கு, பிடிமானமுள்ள செருப்பு போதும்.

சட்டமும் உங்கள் படிவத்தின் பக்கம் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநோய்க்கான வரையறையிலேயே நினைவும் இடம், காலம் அறியும் திறனும் பெரிதாகக் குலைவது அடங்கியிருக்கிறது. அதன் 97ஆவது பிரிவு தனியறையில் அடைப்பதைத் தடுக்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, சிகிச்சைப் பொறுப்பில் உள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே கட்டலாம். முறை, காரணம், நேரம் உடனே பதிவாக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் சார்பில் நியமிக்கப்பட்ட பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆட்கள் பற்றாக்குறை என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டவே கூடாது என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. உங்கள் இல்லம் முதியோர் இல்லமாகப் பதிவாகியிருக்கிறது என்று நீங்கள் பதில் சொல்லலாம். அங்கே இருப்பவரின் கை அதே கைதான்.

மாலையில் ஆள் இல்லை, சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்பது உங்கள் தரப்பு. ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதும், இந்த வேலையில் நிற்பவர்கள் குறைந்த கூலிக்கு 12 மணி நேரம் உழைக்கிறார்கள் என்பதும் எங்களுக்கும் தெரியும். ஆனால் மேலே சொன்னவற்றில் பாதிக்குச் செலவே இல்லை. உணவு நேரத்தையும் டியூட்டி நேரத்தையும் குளியலையும் நகர்த்துவது, தொலைக்காட்சியை அணைப்பது, திரையை இழுப்பது. மாலையில் கூடுதல் ஆள் வேண்டும் என்றால், ஆறு மணிக்கு மேல் வரக்கூடாது என்று நீங்கள் தடுத்த உறவினர்களே வாசலில் நிற்கிறார்கள்.

எனவே கேட்கிறோம். சம்மதப் படிவத்திலிருந்து அந்தப் பத்தியை நீக்குங்கள், ஏற்கெனவே வாங்கிய கையெழுத்துகள் செல்லாது என்று குடும்பங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இரவு உணவை 7 மணிக்கும், விளக்கணைப்பை 9 மணிக்கும், டியூட்டி மாற்றத்தை மாலைக்கு வெளியேயும் நகர்த்துங்கள். மாலை 4.30 முதல் 8.30 வரை ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் உதவியாளர்கள் வார்டுக்குள் இருக்கட்டும், அந்த நேரத்தில் எழுத்து வேலையோ துணி வேலையோ அவர்களுக்கு வேண்டாம். உறவினர்களை இரவு 8 மணி வரை அனுமதியுங்கள். பதற்ற மருந்து தொடங்கும் ஒவ்வொரு முறையும் மருந்தின் பெயர், அளவு, காரணம், நிறுத்திப் பார்க்கும் தேதி ஆகிய நான்கையும் குடும்பத்தாரிடம் சொல்லித் தனியாகச் சம்மதம் வாங்குங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் மறுபரிசீலனை செய்து கையெழுத்திட வேண்டும். கட்டியது எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற பதிவேடு குடும்பத்தார் கேட்டவுடன் காட்டும் நிலையில் இருக்க வேண்டும். உதவியாளர்கள் ஒவ்வொருவருக்கும் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த மடலில் உள்ளவற்றைச் செய்து காட்டிப் பயிற்சி கொடுங்கள். முதியோர் உதவி எண் 14567ஐயும் மனநல உதவி எண் 14416ஐயும் வரவேற்பறையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள்.

இவற்றில் எதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று 30 நாளுக்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள்.